பர்மா தேக்குக்குக் காட்டப்படும் சான்றிதழை நம்பி வாங்கலாமா?

புது வீட்டின் நிலைக்கும் கதவுகளுக்கும் பர்மா தேக்கு வாங்க இருப்பதாகவும், மரவாடிக்காரர் "இது சர்டிஃபைடு மரம்" என்று சொல்லி எஃப்.எஸ்.சி என்ற பன்னாட்டு வனச் சான்று அமைப்பின் முத்திரை உள்ள ஒரு சான்றிதழ் நகலைக் காட்டியதாகவும், அதை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம்ப வேண்டாம் என்பதே என் பதில். மரச்சாமான் ஏற்றுமதி நிறுவனங்களின் ஆவணப் பிரிவில் சில ஆண்டுகளும், பிறகு சான்றிதழ்த் தணிக்கையில் பல ஆண்டுகளும் வேலை பார்த்தவன் என்ற முறையில், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த நகல் எதைப் பற்றியது என்று பாருங்கள். எஃப்.எஸ்.சி அமைப்பில் சான்றுகள் இரண்டு வகை. ஒன்று காட்டுக்கோ தோட்டத்துக்கோ தரப்படும் வன மேலாண்மைச் சான்று. மற்றது அந்த மரத்தை வாங்கி, அறுத்து, விற்கும் நிறுவனங்களுக்குத் தரப்படுவது. தொழிலில் இதை 'சி.ஓ.சி' (செயின் ஆஃப் கஸ்டடி, அதாவது மரம் கைமாறும் சங்கிலிக்கான சான்று) என்று சொல்வோம். கடைகளில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். சான்று பெற்ற மரத்தைப் பிற மரத்தோடு கலக்காமல் வைத்துக் கணக்கு எழுதும் ஏற்பாடு அந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. உங்கள் கையில் இருக்கும் பலகை சான்று பெற்றதா என்பதை விலைப்பட்டியல்தான் காட்டும்: பில்லில் அந்த மரத்தின் வரிக்கு நேராக 'எஃப்.எஸ்.சி 100%' அல்லது 'எஃப்.எஸ்.சி மிக்ஸ்' என்ற குறிப்பும், விற்பவரின் சான்று எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை எஃப்.எஸ்.சியின் பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். தேக்கு அந்தச் சான்றின் வரம்புக்குள் வருகிறதா என்பதும் அங்கேயே தெரியும்.

பர்மா தேக்கைப் பொறுத்தவரை இத்தனை தூரம் தேடவும் தேவையில்லை. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, எஃப்.எஸ்.சி வனச் சான்று பெற்ற காடு மியன்மாரில் ஒன்றுகூட இருக்கவில்லை. எனவே 'எஃப்.எஸ்.சி சான்று பெற்ற பர்மா தேக்கு' என்று ஒருவர் விற்றால், ஒன்று மரம் பர்மாவினுடையதல்ல, அல்லது முத்திரை அந்த மரத்தினுடையதல்ல.

பர்மாவில் மரக்கணக்கு எழுதும் முறை ஒரு காலத்தில் உலகத்துக்கே முன்மாதிரியாக இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. 1856இல் பெகு தேக்குக் காடுகளின் பொறுப்பை ஏற்ற டீட்ரிச் பிராண்டிஸ், காட்டை மொத்தமாக வெட்டாமல், குறிப்பிட்ட பருமனை எட்டிய மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டும் முறையை அங்கே வகுத்தார். பின்னாளில் அவரே இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார். தேர்ந்தெடுத்த மரத்தின் பட்டையையும், அதற்கு உள்ளே இருக்கும் வெளிர்நிற மரப்பகுதியான வெளிறையும் அடிப்பகுதியில் வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே சில ஆண்டுகள் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதே காரணம். மரத்திலும், பிறகு அடிக்கட்டையிலும், வெட்டிய முழு மரத்துண்டான உருட்டிலும் சுத்தியலால் முத்திரை பதிப்பார்கள். ஓர் உருட்டு எந்த அடிக்கட்டையிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கும் எண்ணம், இன்றைய சி.ஓ.சிக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே நடைமுறையில் இருந்தது. ஏமாற்று வேலையும் அதே அளவுக்குப் பழையதுதான். எடுத்த உருட்டுகளைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாக பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்தின் மீது மன்னர் தீபாவின் அரசு 1885இல் பெரும் அபராதம் விதித்தது. அந்தத் தகராறையே சாக்காக வைத்து ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். மன்னர் ரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். ஒரு நாட்டின் முடியாட்சி முடிவுக்கு வருவதற்கு மரக்கணக்கும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

அண்மைக் கால நிலவரத்துக்கு வருவோம். மியன்மாரில் தேக்கை வெட்டி விற்கும் உரிமை, மியன்மா டிம்பர் என்டர்பிரைஸ் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2016இல் ஒரு பருவத்துக்கு நாடு முழுவதும் வெட்டு நிறுத்தப்பட்டது. பழைய தேக்குக் காடுகள் நிறைந்த பாகோ மலைத்தொடரில் 10 ஆண்டுகளுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. காடு அந்த அளவுக்குக் கரைந்திருந்தது. 2010 முதல் 2015 வரை மியன்மார் ஆண்டுக்குச் சுமார் 5,46,000 ஹெக்டேர் காட்டை இழந்ததாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிட்டது. அந்தக் காலத்தில் பிரேசிலுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்து உலகில் மூன்றாவது பெரிய இழப்பு அதுதான். தடைகள் சட்டப் புத்தகத்தில் இருந்தன. காச்சின் மாநிலத்திலிருந்து சீனாவின் யுன்னான் எல்லைக்கு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. 2015 ஜனவரியில் அங்கே மரம் வெட்டிய 150க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் பிடிபட்டு, ஜூலையில் அவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்களிலேயே பொது மன்னிப்பில் விடுவிக்கப்பட்டார்கள். இந்த வணிகத்தில் பிடிபடுகிறவர் எப்போதும் கோடரி பிடித்தவராகவே இருக்கிறார். சேஷாசலம் மலையில் 2015 ஏப்ரலில் செம்மரம் வெட்டப் போனதாகச் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரை நாம் மறந்திருக்க முடியாது. அந்த மரத்தை வெளிநாட்டில் விலை கொடுத்து வாங்கியவர் யாரென்று அவர்களின் குடும்பங்களுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

மரவாடிக்காரர் உங்களிடம் அடுத்து சொல்லக்கூடியது, "எஃப்.எஸ்.சி இல்லாவிட்டால் என்ன, அரசாங்கத்தின் ஏற்றுமதி ஆவணம் இருக்கிறதே" என்பது. இதற்கு சுவீடன் நீதிமன்றம் ஒன்று 2016இலேயே பதில் சொல்லிவிட்டது. சட்டவிரோத மரம் உள்ளே வராதபடி இறக்குமதியாளரே விசாரித்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருந்தது. மியன்மார் தேக்கை வாங்கிய ஒரு நிறுவனம், அங்கிருந்து தரப்பட்ட 'பச்சைக் கோப்பு' என்ற ஆவணத் தொகுப்பை ஆதாரமாகக் காட்டியது. மரம் எந்தக் காட்டில், யாரால், எந்த உரிமையில் வெட்டப்பட்டது என்பது அந்தக் கோப்பிலிருந்து தெரியவில்லை என்பதால் அது போதாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. விற்பவரும் விற்பனை ஒழுங்கானது என்று எழுதித் தருபவரும் ஒருவராகவே இருந்தால், அந்தத் தாளை எத்தனை நேர்த்தியாக அச்சிட்டாலும் அது விற்பவரின் வாக்குறுதியாக மட்டுமே இருக்கும். ராணுவம் ஆட்சிக்கு வந்தபின், தேக்கை விற்கும் அரசு நிறுவனமான மியன்மா டிம்பர் என்டர்பிரைஸ் மீதே 2021 ஏப்ரலில் அமெரிக்காவும் ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் பொருளாதாரத் தடை விதித்தன. அன்றிலிருந்து அங்கு முறையாக வாங்கப்பட்ட தேக்கின் விலை, தன் மக்கள் மீதே குண்டு வீசும் ஒரு ராணுவத்தின் கருவூலத்துக்குப் போகிறது. இந்தியா இந்தத் தடையில் சேரவில்லை. ஆகவே நீங்கள் வாங்கினால் இங்கே அது குற்றமாகாது. நான் சொல்வது சட்டத்தைப் பற்றி அல்ல.

இந்தியாவின் நிலையையும் சொல்ல வேண்டும். 1988 வனக் கொள்கையும், கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும் நம் காடுகளில் வெட்டைப் பெருமளவு நிறுத்தின. அது தேவையான உத்தரவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் மரத்தேவை குறையவில்லை. அது கண்ட்லா, தூத்துக்குடி துறைமுகங்கள் வழியாக வேறு நாட்டுக் காடுகள் மீது இறங்கியது. வரும் உருட்டில் பூச்சி இல்லை என்று தாவர நலச் சான்று கேட்கிறோம்; அது அந்த நாட்டுச் சட்டப்படி வெட்டப்பட்டதா என்று கேட்கும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. சட்டவிரோதமாகப் பிடிக்கப்பட்ட வன உயிர்களின் வணிகத்தைத் தடுக்கும் தன் லேசி சட்டத்தை அமெரிக்கா 2008இல் மரத்துக்கும் விரித்தது. வெட்டிய நிலத்தின் ஆயத்தொலைவுகளையே கேட்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றியது, அமலாக்கம் தள்ளிப்போடப்பட்டாலும். 2023 டிசம்பரில் இந்தியா தொடங்கிய சான்றிதழ்த் திட்டமும் விரும்பியவர் சேரலாம் என்ற அளவில்தான் இருக்கிறது.

சான்று பெற்ற காட்டிலிருந்தே வரும் மரமானாலும், முத்திரையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அறுவை மில்லில் தணிக்கைக்குப் போயிருந்தேன். நூறு கன மீட்டர் உருட்டு அறுத்தால் அறுபது கன மீட்டர் பலகை கிடைப்பதாக அவர்களின் கணக்கு காட்டியது. அங்கிருந்த உருட்டுகள் ஒல்லியானவை, வளைந்தவை. அவற்றில் அறுபது கிடைக்க வழியே இல்லை. என் எதிரிலேயே ஐந்து உருட்டுகளை அறுக்கச் சொன்னேன். கிடைத்தது பாதிக்கும் குறைவு. தாளில் இருக்கும் அறுபதுக்கும் உண்மையில் கிடைக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையிலுள்ள பதினைந்து கன மீட்டரில், எங்கிருந்து வந்ததென்று தெரியாத மரத்தைச் சேர்த்து, முத்திரையோடு விற்றுவிடலாம். பொய்யான தாள் ஒன்றுகூடத் தேவையில்லை. ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் உயர்த்தி எழுதினால் போதும். நான் அறிக்கையில் அதைக் குறையாகப் பதிந்தேன். அந்த மில் அடுத்த ஆண்டு வேறொரு தணிக்கை நிறுவனத்தை அமர்த்திக்கொண்டது. தணிக்கைக் கட்டணத்தைத் தணிக்கைக்கு உட்படுபவரே கொடுக்கும் ஏற்பாடு மாறாதவரை இது நடந்துகொண்டே இருக்கும். விற்றவர் எழுதிய அளவும் வாங்கியவர் எழுதிய அளவும் ஒத்துப்போகின்றனவா என்று எல்லா வணிகத்துக்கும் தானாகவே சரிபார்க்கும் வழக்கமும் இந்த அமைப்பில் இல்லை. சந்தேகம் எழுந்த சில வணிகச் சங்கிலிகளில் மட்டும் அப்படிச் செய்கிறார்கள்.

அதற்காகச் சான்றிதழே வீண் என்று நான் சொல்லமாட்டேன். 1992 ரியோ மாநாட்டில் காடுகளைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள அரசுகள் தவறியதை அடுத்து, 1993இல் சூழலியலாளர்களும் பழங்குடி அமைப்புகளும் வணிகர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து எஃப்.எஸ்.சியை உருவாக்கினார்கள். சான்று பெற்ற தோட்டங்களில் தொழிலாளிக்குத் தலைக்கவசம் இருப்பதையும், ஓடைக்கரை மரங்களை விட்டுவைப்பதையும், கூலிப் பதிவேடு ஒழுங்காக இருப்பதையும் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வெப்பமண்டலக் காடுகளைக் காக்கப் பிறந்த அந்த முத்திரை, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும்தான் பெருமளவு பரவியது. அங்கே வனத்துறையும் நீதிமன்றமும் ஏற்கெனவே இயங்கின. ஒழுங்கு இருக்கும் இடத்தில் சான்று அதை உயர்த்துகிறது. துப்பாக்கி ஆளும் இடத்தில் அதனால் உள்ளே நுழையவே முடிவதில்லை. 2022இல் உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய, பெலருஸ் மரத்துக்கு முத்திரையுடன் விற்கும் வழியை எஃப்.எஸ்.சியே மூடிவிட்டதை இங்கே நினைவுகூரலாம்.

அப்படியானால் எதை வாங்குவது? லத்தீன் அமெரிக்காவில் சான்று பெற்ற தேக்குத் தோட்டங்கள் இருக்கின்றன. பில்லில் நான் சொன்ன குறிப்பு இருந்தால் வாங்கலாம். கேரள, தமிழ்நாடு வனத்துறைக் கிடங்குகளின் ஏலத்தில் எடுக்கப்பட்ட நாட்டுத் தேக்கு என்றால், ஏலச் சீட்டையும், மரத்தை எடுத்துச் செல்ல வனத்துறை தரும் அனுமதிச் சீட்டையும் கேட்டுப் பாருங்கள். பர்மா தேக்கேதான் வேண்டும் என்று மனம் ஆசைப்பட்டால், காரைக்குடிப் பக்கம் இடிக்கப்படும் பழைய வீடுகளின் மரம் விற்பனைக்கு வருகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த உத்தரங்களும் தூண்களும் அவை. அவற்றுக்காக இன்று ஒரு மரமும் புதிதாக விழ வேண்டியதில்லை. என் வீட்டு நிலைக்கு அப்படித்தான் வாங்கினேன். பழைய துளைகளையும் வெடிப்புகளையும் ஒதுக்கினால் கழிவு அதிகம் என்பதால், ஆசாரி சொல்லும் கன அடிக்கு மேல் கால் பங்கு கூட்டியே எடுங்கள். உள்ளே புதைந்திருக்கும் இரும்பாணிகள் ரம்பத்தை முறித்துவிடும். அறுவை மில்லுக்கு அனுப்புமுன் ஆசாரியை வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மில்காரர் அறுக்கவே சம்மதிக்கமாட்டார்.