நூறு முறை எழுதியும் ஒரு சீன எழுத்தைப் பேச்சில் பயன்படுத்த வரவில்லையே, நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?

நூறு முறை எழுதினால் எழுத்து கைக்கு வந்துவிடும். வாய்க்கு வர வேண்டுமென்றால் அது எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று தெரிய வேண்டும். எனக்கு இரண்டுக்கும் வந்த முதல் எழுத்து 'ஹாவ்'. 'நி ஹாவ்' என்ற வணக்கத்தில் வருகிற அதே ஹாவ்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

இடப்பக்கம் பெண், வலப்பக்கம் பிள்ளை. சேர்ந்தால் 'நல்ல'. பக்கத்துக்கு மூன்று கோடாக மொத்தம் 6 கோடு. யீவூ நகரில் சரக்கு வாங்கும் வேலைக்குப் போன புதிதில், அங்கே பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகும் கட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு கட்டத்தையும் புள்ளிக்கோடுகள் நான்காகப் பிரித்திருக்கும். 'வயல்' என்ற எழுத்தும் பார்க்க அப்படியேதான் இருக்கும் என்பதால் அதற்கு வயல் கட்டம் என்றே பெயர்.

நான் எழுதுவதை அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அம்மா ஒருநாள் கவனித்தார். "பெண்ணில் படுக்கைக் கோட்டை முதலில் போடாதே, அது கடைசி" என்று பேனாவை வாங்கி எழுதிக் காட்டினார். படுக்கைக் கோடு முதலில், நெடுங்கோடு பிறகு என்பது பொதுவான வழக்கம். பெண்ணுக்கு அது பொருந்தாது. முதல் கோடு இடப்பக்கம் சாய்ந்து இறங்கி, கையெடுக்காமல் வலப்பக்கம் திரும்பிக் கீழே போகும். இரண்டாவது மேலிருந்து இடப்பக்கம் இறங்கி அதை வெட்டும். படுக்கைக் கோடு அப்புறம்தான். அதுவும் வலப்பக்கம் லேசாக ஏறி, பிள்ளையின் இடத்துக்குள் நீட்டாமல் நின்றுவிட வேண்டும். பிள்ளைக்கு முதலில் படுக்கையாகப் போய் மடங்கி இறங்கும் கோடு, பிறகு அடியில் இடப்பக்கம் கொக்கி போட்ட வளைகோடு, கடைசியில் நடுவே நீளமாக ஒரு படுக்கைக் கோடு.

வரிசையில் இவ்வளவு கவனம் தேவையா என்று எனக்கும் தோன்றியது. கடைக்காரர்கள் கையால் எழுதும் பில்லைப் படிக்கத் தொடங்கியபோதுதான் அதன் அருமை புரிந்தது. வேகமாக எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எழுதும் வரிசைப்படியே ஒட்டும். வரிசை தெரிந்தவருக்கு அந்தக் கிறுக்கலும் படிக்க வரும்.

தாயும் பிள்ளையும் சேர்ந்திருப்பது நல்லது, அதனால் இந்த எழுத்து என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். மனதில் வைக்க வசதியானதுதான். ஆனால் கி.பி. 100 வாக்கில் சூ ஷென் தொகுத்த பழைய அகராதி இதற்கு 'அழகு' என்றுதான் பொருள் சொல்கிறது. இன்றைக்கும் 'பார்' என்ற சொல்லுக்கு முன்னால் ஹாவ் சேர்த்து 'ஹாவ் கான்' என்றால் அழகு. 'சாப்பிடு' என்பதற்கு முன்னால் சேர்த்து 'ஹாவ் ச்ர்' என்றால் ருசி. 'கேள்' என்பதோடு சேர்த்தால் காதுக்கு இனிமை.

இனி நமக்குக் கைகொடுக்கும் இடம். 'நல்ல குளிர்', 'நல்ல பசி' என்கிறோமே, அந்தக் குளிரும் பசியும் நல்லவை என்றா சொல்கிறோம்? ரொம்ப என்ற பொருளில்தானே. சீனத்திலும் அப்படியே: 'ஹாவ் லங்' என்றால் நல்ல குளிர், 'ஹாவ் அ' என்றால் நல்ல பசி. 'சரி' என்று ஒத்துக்கொள்ளவும் ஹாவ் போதும். இந்த இடங்களில் தமிழில் நினைத்தபடியே பேசலாம்.

வினைக்குப் பின்னால் வரும்போதுதான் நான் அடிபட்டேன். ஒரு பொம்மைச் சரக்குக்காக "ட்ஸுவோ ல மா?" என்று கேட்டேன். செய்தீர்களா என்று பொருள். "ட்ஸுவோ ல" என்று பதில் வந்தது. நம்பி வண்டி பிடித்துக்கொண்டு போனால் பாதிப் பெட்டிதான் தயார். அவர்கள் பொய் சொல்லவில்லை. வேலை நடந்திருக்கிறது, முடியவில்லை. நான் கேட்டிருக்க வேண்டியது "ட்ஸுவோ ஹாவ் ல மா?" நம் 'செய்தாச்சா', 'பண்ணி வைச்சாச்சா' என்பதில் உள்ள 'ஆச்சு' செய்யும் வேலையை அங்கே ஹாவ் செய்கிறது. அன்றிலிருந்து எந்தச் சரக்கானாலும் அந்த ஓர் எழுத்தைச் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இதே எழுத்துக்கு இன்னொரு ஒலியும் உண்டு. 'நல்ல' என்னும்போது குரல் தாழ்ந்து அடியில் நிற்கும். மேலிருந்து சட்டென்று இறக்கினால் 'விரும்பு' என்று பொருள். பொழுதுபோக்கைக் குறிக்கும் 'ஐ ஹாவ்' என்ற சொல்லில் அந்த ஒலிதான்.

போனில் ஒலியைத் தட்டினால் எழுத்து தானாக வந்துவிடுவதால், பேனாவைத் தூக்கினால் எழுத்து மறந்துபோகிறது என்று சீனர்களே சொல்கிறார்கள். அதற்கென்று நான்கெழுத்தில் ஒரு தொடரே வைத்திருக்கிறார்கள். அதனால் கையால் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். ஆனால் நூறு முறை வேண்டாம். ஆறு முறை எழுதுங்கள், அது வரும் ஆறு சொற்களைக் கீழே எழுதுங்கள், அவற்றில் ஒன்றை அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

ஹாவ் பழகியதும் 'கடினம்' என்ற பொருள் கொண்ட 'நான்' எழுத்தை எடுங்கள். ஹாவ் இருந்த இடத்தில் அதை வைத்தால் ருசியானது வாயில் வைக்க முடியாததாகும், அழகானது அசிங்கமாகும். இப்போதைய எளிய வடிவத்தில் 10 கோடு. வலப்பாதியில் வரும் நான்கு படுக்கைக் கோடுகளுக்கும் ஒரே இடைவெளி விழ எனக்கு ஒரு வாரம் பிடித்தது.