கயிறு யார் கையில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு இருபது வயது. பாம்பனில் இருக்கிறேன். பாலிடெக்னிக் படிக்கிறேன். அப்பா படகுக்குப் போகிறார், அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறார். ஒரு வருடமாக நோட்டில் ஒரு தொடர்கதை எழுதி வருகிறேன். வேற்றுக்கிரகவாசிகள் ஒரே இரவில் பூமியின் மேலிருக்கும் எல்லாவற்றையும் தரைமட்டமாக்குகிறார்கள். பிழைத்தவர்கள் பன்னிரண்டு தளங்கள் கொண்ட ஒரு பாதாளத்துக்குள் இறங்கியாக வேண்டும். தளத்துக்குத் தளம் கொடிய விலங்குகள். இறங்கியவர்கள் சாவதையும் பிழைப்பதையும் அண்டமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் நேரலையில் பார்த்து ரசிக்கிறார்கள். பிடித்தவர்களுக்குப் பரிசுப்பெட்டி அனுப்புகிறார்கள். நாயகன் அருள் எங்கள் ஊர்ப் பையன். அம்மா அப்பா முதல் இரவிலேயே இறந்துவிட, தன்னந்தனியாக இறங்குகிறான். மூன்றாம் தளம் தண்ணீர் நிரம்பிய குகை. அங்கேயே கதை நின்றுவிட்டது. அவன் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் புது ஆயுதம் கொடுத்துக் காப்பாற்றுகிறேன். நம்பும்படி இல்லை, நியூயார்க்கில் நடப்பதாக மாற்றிவிடு என்கிறார்கள் நண்பர்கள். இது சோறு போடுமா என்கிறார் அம்மா. எழுதிய பக்கங்களை இணைத்திருக்கிறேன். அருள் எப்படிப் பிழைப்பான்?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

நியூயார்க் வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

அருள் பாம்பன்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தண்ணீரைக் கண்டதும் அவன் செய்கிற முதல் காரியம் வாளை உருவுவது. பாம்பனில் பிறந்த எந்தப் பிள்ளை அப்படி இறங்கும்? முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து இழுத்து நடக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் வாலைச் சுழற்றி முள்ளை ஏற்றிவிடும். காலை இழுத்து நடந்தால் வருவது தெரிந்து அதுவாகவே விலகிப்போகும். உங்கள் மூன்றாம் தளத்தின் முதல் பத்து அடிக்கு இது போதும். வாள் உறையிலேயே இருக்கட்டும்.

விலங்குகளுக்கு எட்டுக் கண்ணும் பதினாறு கொம்பும் கொடுத்திருக்கிறீர்கள். படிக்கும்போது எனக்குப் பயம் வரவில்லை. எல்லாமே பாய்கின்றன, எல்லாமே வெட்டுப்பட்டுச் சாகின்றன. மன்னார் வளைகுடாவில் ஒன்றுபோல் இன்னொன்று கொல்வதில்லையே. கல்மீன் பாறையோடு பாறையாகக் கிடக்கும். துரத்தாது, நீங்கள் போய் மிதித்தால்தான் நஞ்சு. விலாங்குபோல் நீண்ட அஞ்சாலை மீன் பொந்தைவிட்டு உங்களைத் தேடி வராது, பொந்துக்குள் கையை விட்டால் கடித்துப் பிடித்துக்கொள்ளும். பேத்தை மீன் உடலை உப்பிக் காட்டி மிரட்டும், ஆனால் அதன் உண்மையான நஞ்சு சமைத்துத் தின்றவனுக்குத்தான். கூம்புச் சங்கு இருக்கிறது பாருங்கள், அதைப் பார்த்தால் யாருக்கும் கையில் எடுக்கத் தோன்றும், அவ்வளவு அழகான கோலம் அதன் ஓட்டில். உள்ளே இருக்கும் நத்தை ஊசிபோல ஒரு பல்லை எய்து நஞ்சேற்றும். அதன் பெரிய இனங்களில் சிலவற்றை ஆசையாக எடுத்து மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அருளுக்கு வானத்திலிருந்து இறங்கும் பரிசுப்பெட்டி ஒன்றில் அப்படி ஒரு சங்கை வையுங்கள். திறந்ததும் அவன் கையை நீட்டுவதா வேண்டாமா என்று தயங்கும் அந்த ஒரு நிமிடம், நீங்கள் எழுதிய நாற்பது வெட்டுகளைவிட வாசகனை உலுக்கும்.

பெட்டி என்றதும் இன்னொன்று. பரிசுப்பெட்டி என்பதை வெளிநாட்டுக் கணினி விளையாட்டுகளிலிருந்து எடுத்ததாக நினைத்திருப்பீர்கள். அது உங்கள் கடலில் நெடுங்காலம் இருந்த ஒன்று. முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பியைத் திறக்காமலேயே குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். எந்தச் சிப்பிக்குள் முத்து, எதற்குள் வெறும் சதை என்று விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. வாங்கியவன் சிப்பியை அழுகவிட்டு, அந்த நாற்றத்தில் உட்கார்ந்து, கழுவிக் கழுவித் தேடுவான். ஒருவன் செல்வந்தனாவான், ஒருவன் கடனாளியாவான். கடலுக்கடியில் மூச்சடக்கிப் போனவனுக்கு அதில் ஒரு பங்கு. ஏலக் கூட்டமும் சூதாட்டமும் கரையில், உயிர்ப்பயம் தண்ணீருக்குள். உங்கள் அண்டத்து ரசிகர்களை நான் அந்தக் கரையில்தான் பார்க்கிறேன்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடல்வழியாகப் போன மார்க்கோ போலோ ஒரு விவரம் சொல்கிறார். குளிப்பவர்களைப் பெரிய மீன்கள் தாக்காமலிருக்க மந்திரம் போடுபவர்களை வணிகர்கள் கூலிக்கு அமர்த்துவார்கள். எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. மந்திரக்கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்கக் கூடாது என்பதற்காக மாலையானால் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். பிற்காலத்தில் இவர்களைக் கடல்கட்டி என்று அழைத்தார்கள். எனக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் அந்த ஏற்பாடு என்னை விடவில்லை. சுறாவை அவிழ்த்துவிடுகிற அதிகாரம் ஒருவனுக்கு இருக்கிறது, அதை அவன் முதலாளியின் சரக்கைக் காக்கப் பயன்படுத்துகிறான். உங்கள் பாதாளத்தை நடத்துகிறவர்களின் மனசை எழுத இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. இப்போது அவர்கள் வெறுமனே சிரிக்கிறார்கள். அவர்களைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கயிற்றுக்கு வருகிறேன். இதற்காகத்தான் உங்கள் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கீழக்கரையிலிருந்து முத்துக்குளிக்கப் போனவர்கள் இலங்கைக் கரைவரை பெயர் பெற்றவர்கள். குளிப்பவனுக்கு இரண்டு கயிறு. ஒன்றின் நுனியில் கல், மற்றொன்றில் கூடை. கல்லில் காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று அடியில் இறங்குவான். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவான், கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். கைக்கு எட்டியதைக் கூடையில் அள்ளிவிட்டுக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். படகிலிருப்பவன் அந்தச் சுண்டலை உணர்ந்து இழுக்க வேண்டும். அவன் அரை நிமிடம் கடற்கரையை வேடிக்கை பார்த்தால் கீழே ஒரு உயிர் போய்விடும். அதனால் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் கரையில் சொல்வதுண்டு. தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்கமாட்டான் என்ற கணக்கு.

அருளின் கயிறு யார் கையில் இருக்கிறது? உங்கள் நூற்றுப்பத்துப் பக்கங்களில் தேடினேன், யார் கையிலும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் நீங்களே வானத்திலிருந்து கையை நீட்டி அவனைத் தூக்க வேண்டியிருக்கிறது. நண்பர்களுக்கு நம்பிக்கை வராததும் அதனால்தான்.

நான் சின்ன வயதில் செய்தியாளனாக இருந்தபோது உங்கள் தீவில் ஒரு மீனவக் கிராமத்துக்குப் போனேன். ஒரு படகு திரும்பவில்லை. எல்லை தாண்டிப் பிடிபட்டதா, இன்ஜின் நின்றுபோய் மிதக்கிறதா, யாருக்கும் தெரியாது. நாங்கள் ஏழெட்டுப் பேர் அந்த வீட்டு வாசலில் நின்றோம். படகில் போனவரின் மனைவி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மனநிலை எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. வெயிலில் நின்ற கேமராக்காரருக்கு நிழல் கிடைக்கட்டும் என்று ஓலைக்கு அடியில் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவளுடைய அண்ணன் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி டீசல் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் அரை கேன், ஒரு வீட்டில் கால் கேன். அதை ஒரு பெரிய கேனில் ஊற்றும்போது ஒரு சொட்டு கீழே போகாமல் துணியை வைத்து ஒற்றினார், துணியையும் கேனின் வாயில் பிழிந்தார். அடுத்த நாள் சாயங்காலம் அவர்தான் அந்தப் படகைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் செய்தியில் அவர் இல்லை. குழந்தையும் அவளும் இருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு உறுத்துகிறது.

பார்க்கிறவர்கள் கோடிப்பேர் இருந்தும் உதவ ஒரு கை இல்லாத இடம் எப்படியிருக்கும் என்பது உங்கள் கரைக்குத் தெரியும், தம்பி. நியூயார்க்கை நான் வேண்டாமென்றது அதற்காக. உங்கள் நிகழ்ச்சியில் எல்லாக் கேமராக்களும் அருளையே காட்டுகின்றன. கேமராவுக்கு வெளியே டீசல் சேர்க்கிறவரை எழுதுங்கள்.

மூன்றாம் தளத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அருள் தண்ணீருக்குள் போகவே வேண்டாம். அவன் மேலே கயிற்றைப் பிடித்திருக்கட்டும். கீழே போனது வேறொருவர். மேலே இருப்பவனுக்கு இருட்டும் கயிறும் தவிர எதுவும் தெரியாது. எண்ணுகிறான். ஐம்பது, அறுபது. சுண்டல் வரவில்லை. அப்போது பெட்டி இறங்குகிறது. கயிற்றை விட்டால் நான்காம் தளத்துக்கு நேராகப் போகலாம் என்கிறான் நிகழ்ச்சியை நடத்துபவன். எழுபது.

இங்கே ஒரு திருத்தம், கதைக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவும். இறங்குவதற்கு முன் அருள் வேகவேகமாக இருபது தடவை மூச்சை இழுத்து விடுகிறான், அதனால் நெடுநேரம் மூச்சடக்க முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் உடம்பிலுள்ள கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு வேண்டும் என்ற தவிப்பைக் கொடுப்பதே அந்த வாயுதான். தவிப்பு வராது, ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே போகும், எந்த எச்சரிக்கையுமில்லாமல் தண்ணீருக்குள் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். எழுதிப் பார்க்கிறேன் என்று நீங்கள் ஒரு நாளும் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

முதல் அத்தியாயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேற்றுக்கிரகக் கப்பலுக்கு ஆறு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அரைப்பக்கம் போதும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு மூழ்கியது. ஒரே இரவில் ஊர் இல்லாமல் போவது எப்படி என்று உங்கள் தெருவில் வயதானவர்கள் சொல்வார்கள். புயலைப் பற்றிக் கேட்காதீர்கள். மறுநாள் காலை முதலில் யாரைத் தேடினீர்கள் என்று கேளுங்கள்.

கடலிலும் ஒரு பக்கம் சீறும்போது மறுபக்கம் அடங்கியிருக்கும் என்பதை நீங்கள் கதையில் தொடவே இல்லை. ஆண் கடல், பெண் கடல் என்று இரண்டை வைத்துக்கொண்டு, வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு கரையும் கச்சான் காற்றுக் காலத்தில் மறு கரையுமாகப் படகை மாற்றுகிற ஊர்க்காரர் நீங்கள். ஏழாம் தளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கேட்டதற்கு வருகிறேன். சோறு போடுமா என்றால், சீக்கிரம் போடாது. படிப்பை விடாதீர்கள். ஆனால் அம்மாவின் கேள்விக்குள் ஒரு வருத்தம் இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. மகன் ஒரு வருடமாக நோட்டில் எதையோ எழுதுகிறான். அதில் தனக்கு இடமில்லை. உண்மையில் இடமில்லைதானே? அருளின் அம்மாவை முதல் பக்கத்திலேயே சாகடித்துவிட்டீர்கள்.

அவரை உயிரோடு கொண்டு வாருங்கள். பன்னிரண்டு தளத்தில் மூன்றாவதைக் கடக்கத் தகுதியுள்ளவர் உங்கள் கதையில் அவர் ஒருவர்தான். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டி, காலில் ரப்பர் செருப்போடும் இடுப்பில் வலைப்பையோடும் பாறைகளுக்கு நடுவே மூச்சடக்கி முங்கி எழுகிறவர்கள் உங்கள் ஊர்ப் பெண்கள். மாதத்துக்கு 12 நாள் மட்டும் போவது, இரும்பால் சுரண்டாமல் கையாலேயே பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அருளோ ஒவ்வொரு அறையையும் சுத்தமாகத் துடைத்தெடுத்துவிட்டுப் போகிறான். அவன் அம்மா அவனை அதட்ட வேண்டாமா?

கீழே போவது அவர். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் மகன். அருள் எப்படிப் பிழைப்பான் என்று கேட்டீர்கள், எனக்குத் தெரிந்த வழி இது.

பாசிக்குப் போகாத ஒரு நாளில் அம்மாவை உட்காரவைத்து மூன்றாம் தளத்தை வாசித்துக் காட்டுங்கள். இந்தக் குகையில் நீங்களாக இருந்தால் முதலில் எங்கே கால் வைப்பீர்கள் என்று கேளுங்கள். சிரித்தாலும் சொல்வார். அடுத்த முறை அவர் கடலுக்குக் கிளம்பும்போது, பாறை கிழிக்காமலிருக்கக் கைவிரல்களில் துணி சுற்றுவார் இல்லையா, எந்த விரலில் தொடங்குகிறார், முடிச்சை எதனால் இறுக்குகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பார்த்ததை எழுதி எனக்கு அனுப்புங்கள்.