இறக்கை கழன்று விழுகிறதே, பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: பழைய சாவி, கரண்டி, ஓடாத கடிகாரத்தின் சக்கரம் இதையெல்லாம் ஒட்டிப் பறவைகள் செய்கிறேன். இரண்டே மாதத்தில் இறக்கை கழன்று விழுகிறது. பார்க்கிறவர்கள், "குப்பை மாதிரியே தெரியுது, மொத்தமா பெயின்ட் அடிச்சிடுங்க" என்கிறார்கள். அடிக்கட்டுமா?
- ஒரு வாசகி

பதில்: முதலில் இறக்கை. வழவழப்பான உலோகத்தில் பசைக்குப் பிடிமானம் கிடையாது. கரண்டியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு வேறு இருக்கும். சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்து, ஒட்டும் இடத்தை மட்டும் மினுமினுப்பு போகும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். அப்புறம் ஒட்டினால் நிற்கும். ஆனாலும் எடை தொங்குகிற இடத்தில் நான் பசையை நம்புவதில்லை. துளை போட்டுக் கம்பியால் கட்டிவிடுவேன். சாவியில் துளை ஏற்கெனவே இருக்கிறது, பாருங்கள்!

கானாவில் பிறந்து நைஜீரியாவில் பல ஆண்டுகள் வேலை செய்த சிற்பி எல் அனாட்சுயி, மது பாட்டில் மூடிகளை ஆயிரக்கணக்கில் தட்டித் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோக்கிறார். சுவர் அளவு உலோகம் துணி போல மடிந்து விழும். பசை போட்டு ஒட்டியிருந்தால் அந்த மடிப்பு வந்திருக்காது.

சரி, பெயின்டுக்கு வருவோம். 1942இல் பிக்காசோ ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து எருதுத் தலை செய்தார். எருதும் தெரியும், சைக்கிளும் தெரியும். அந்த இரட்டைப் பார்வைதான் அதன் உயிர். அமெரிக்கச் சிற்பி லூயிஸ் நெவல்சனோ, பொறுக்கிய மரத்துண்டுகளைச் சேர்த்து, பெரும்பாலும் மொத்தத்துக்கும் ஒரே கறுப்பு அடித்தார். அவருக்கு வடிவமும் நிழலும் போதும். நாற்காலிக்கால் என்று யாரும் அடையாளம் காண வேண்டியதில்லை. இரண்டு வழியும் சரிதான். உங்கள் பறவையில் சாவி தெரிய வேண்டுமா, வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். துருதான் கவலை என்றால் நிறமில்லாத வார்னிஷ் மெல்லிசாக ஒரு பூச்சு போதும்.

நான் செய்த ஓர் ஆந்தைக்கு அலகு ஒரு பித்தளைச் சாவி. யாரோ பல வருடம் பிடித்துத் திருகிய இடம் மட்டும் வழவழவென்று பொன்னிறமாக இருக்கும். மற்ற இடமெல்லாம் கறுத்திருக்கும். ஒருநாள் அதற்குக் கறுப்பு அடித்தேன். மறுநாளே மனசு கேட்காமல் தின்னரும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்தேன். பெயின்ட் போனது. சாவி முழுக்க ஒரே பளபளப்பாகிவிட்டது. விரல் பட்ட இடம் எதுவென்று இப்போது எனக்கே தெரியவில்லை.

அடித்துப் பார்ப்பதென்றால், உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு பறவையில் தொடங்குங்கள்.