சக்கரக்கால் பிடிமானம் பெயர்வது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானம் பறக்கவிடுவோர் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை இம்முறை லேண்டிங் கியரை, அதாவது சக்கரக்காலைப் பற்றியே இருந்தன. ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

பால்சா என்ற இலேசான மரத்தால் செய்த என் ட்ரெய்னர் (பயிற்சி) விமானத்தின் எடை இரண்டரை கிலோ. அறுவடை முடிந்த வயலில் இறக்கும்போது, அலுமினியக் காலைத் தாங்கும் பலகை அடியோடு பெயர்ந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசையால் மீண்டும் ஒட்டியும் நிற்கவில்லை. என்ன செய்வது? (நெல்லிக்குப்பம் வாசகர்)

பெயர்ந்து வந்த பலகையின் ஒட்டுப்பரப்பை முதலில் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எபாக்சி வழவழப்பாகப் பளபளத்தால் ஒட்டு பிடிக்கவில்லை என்று பொருள். அதன்மேல் பால்சா நார் படிந்திருந்தால் ஒட்டு நின்றிருக்கிறது, மரம்தான் கிழிந்திருக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதாகவே தோன்றுகிறது. அப்படியானால் எவ்வளவு பசை ஊற்றினாலும் அடுத்த முறை பக்கத்துப் பால்சா கிழியும்.

அரிதாளில் சக்கரம் சிக்கிப் பின்னோக்கி இழுபடும்போது, பலகையின் பின்விளிம்பு உடலுக்குள் அழுந்துகிறது, முன்விளிம்போ கீழ்நோக்கிப் பிடுங்கப்படுகிறது. ஆகவே வலு முதலில் தேவைப்படும் இடம் முன்விளிம்பு. பலகையை 5 மி.மீ. பிர்ச் ப்ளைவுட்டில் புதிதாக வெட்டி, அதன் முன்விளிம்பை அருகிலுள்ள குறுக்குச் சட்டத்தோடு முட்டும்படி அமைத்து, அந்த மூலையில் முக்கோணக் கட்டை வைத்து ஒட்டுங்கள். இரு பக்கச் சுவர்களின் உட்புறத்திலும் 2 மி.மீ. ப்ளைவுட்டைப் பலகைக்கு முன்னும் பின்னும் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளும்படி ஒட்டினால், இழுவிசை ஒரே இடத்தில் குவியாமல் சுவர் முழுவதும் பரவும். கடைசியாக, அடிப்பகுதியின் வெளிப்புறத்தில் சதுர மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ள ஃபைபர் கிளாஸ் துணியை எபாக்சியில் நனைத்து, பக்கச் சுவர்களின்மேல் இரண்டு சென்டிமீட்டர் ஏறும்படி படியவையுங்கள். இந்த வேலைக்கு ஐந்து நிமிட வகை வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகக்கூடும். மெதுவாக இறுகும் சாதாரண அரால்டைட் எபாக்சியைப் பயன்படுத்தி, ஓர் இரவு முழுதும் அசைக்காமல் விடுங்கள்.

கடலூர் முதுநகரில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் இடத்தில் ஃபைபர் இழைப் பாயான மேட்டும், அதை நனைக்கும் ரெசினும் எளிதாகக் கிடைக்கின்றன. ஃபைபர் கிளாஸ் துணிக்குப் பதிலாக அவற்றைப் பயன்படுத்தலாமா? (முதுநகர் வாசகர்)

வேண்டாம் என்பதே என் பதில். படகுக்கு உரிய மேட் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 300 அல்லது 450 கிராம் எடையுள்ளது. அதோடு அது ரெசினையும் ஏராளமாகக் குடிக்கும் என்பதால், வலுவைக் காட்டிலும் எடைதான் கூடும். பாலியெஸ்டர் ரெசின் மரத்தில் எபாக்சி அளவுக்குப் பிடிப்பதில்லை. அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்தும் விடும். அங்கே எபாக்சியும் மெல்லிய நெய்த துணியும் விற்றால் மட்டும் வாங்குங்கள்.

நுரையாலான விமானம், ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். கம்பிக் காலைப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி, சுற்றியுள்ள நுரையோடு பிய்ந்து வருகிறது. (முத்தியால்பேட்டை வாசகர்)

நுரை அழுத்தத்தை ஓரளவு தாங்கும், இழுவையைத் தாங்காது. பிளாஸ்டிக் தாங்கியை 3 மி.மீ. ப்ளைவுட் தகட்டின்மேல் திருகி, அத்தகடு உடலின் அகலம் முழுவதையும் தொடும்படி பதியுங்கள். இறக்கையின் கார்பன் குழாய் அருகில் சென்றால் தகட்டை அதனோடு இணைப்பது இன்னும் நல்லது. ஒட்டும் முன் நுரையின் பளபளப்பான தோலை உப்புத்தாளால் தேய்த்து நீக்குங்கள். சூட்டுப்பசை சித்திரை வெயிலில் இளகும். பெவிகுவிக் போன்ற பசைகள் ஈபிஓ (EPO) என்ற வகை நுரையை ஒன்றும் செய்யாது, ஆனால் தெர்மோகோலை உருக்கிவிடும். எது எந்த வகை என்று தெரியாவிட்டால் உள்மறைவில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தச்சரிடம் மிஞ்சும் தேக்குத் துண்டுகளைத் தாங்கிக் கட்டையாக வைக்கலாமா? (பண்ருட்டி வாசகர்)

வைக்கலாம். ஆனால் தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் புதிதாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் எபாக்சி பிடிக்காது.

காலைப் பலகையோடு இணைக்கும் நைலான் போல்ட் அடிக்கடி முறிகிறது. இரும்பு போல்ட் போட்டுவிடட்டுமா? (வில்லியனூர் வாசகர்)

போடாதீர்கள். நைலான் போல்ட் முறிவதால்தான் உங்கள் விமானத்தின் உடல் இதுவரை தப்பியிருக்கிறது. இரும்பு போட்டால் அதே விசை பலகையைத் தேடிப் போகும். மோசமான இறக்கத்தில் ஏதாவது ஒன்று உடையத்தான் செய்யும். அது சில ரூபாய் போல்ட்டாக இருக்கட்டும்.

சாதாரண இறக்கத்திலேயே முறிகிறதென்றால், கால் வளைந்து கொடுக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கீழிறங்கும் விமானத்தை, கால் 2 சென்டிமீட்டர் வளைந்து நிறுத்தினால் சராசரி வேகத்தணிப்பு புவியீர்ப்பைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. 2 மில்லிமீட்டர் மட்டுமே வளைந்தால் அது 25 மடங்காகிறது. ஆகவே காலைத் தடிப்பாக்குவதைவிடச் சற்று நெகிழ்வான காலும் பெரிய சக்கரமும் போடுவது பிடிமானத்துக்கு நல்லது. மேடுபள்ளமான வயலில் சிறு சக்கரம் ஒவ்வொரு கட்டியிலும் முட்டி நிற்கும்.

தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருக்கிறேன். பியானோ கம்பியால் (வில்போன்ற எஃகுக் கம்பி) செய்த கால், மரக்கட்டைக்குள் நுழையும் இடத்தில் துருப்பிடிக்கிறது. எண்ணெய் விடலாமா? (கடலூர் வாசகர்)

மரத்துக்குள் எண்ணெய் விடாதீர்கள். ஊறிவிட்டால் பின்னாளில் அந்தக் கட்டையை ஒட்ட முடியாமல் போகும். கம்பியைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் எடுத்து, ப்ரைமர் பூசி, நன்கு காய்ந்த பின் மாட்டுங்கள். வளைவில் குழி விழுந்திருந்தால் அந்தக் கம்பியை மாற்றிவிடுவதே முறை, ஏனெனில் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். புதிய கம்பியை வளைக்கும்போது சூடேற்றக் கூடாது. சூடேறினால் அதன் வில்தன்மை போய்விடும். கூர்மையான மூலையில் மடிக்காமல் சற்று வளைவாக மடியுங்கள்.