பேயின் பெயரில் ஓர் உறுதி

அன்புள்ள ஐயா,

24 பக்கத்தில் ஒரு பேய்க் கொமிக்ஸ் வரைகிறேன். பழைய நாற்சார் வீடொன்றுக்கு வாடகைக்கு வரும் இளைஞன் அங்கே உலவும் பேய்ப்பெண்ணை விரும்புகிறான். பயம், பகிடி, காதல் மூன்றும் வேண்டும். ஆனால் பேய் பகிடி விட்டதும் பயம் போய்விடுகிறது என்கிறார்கள் வாசித்தவர்கள். ஏ4 தாளில் வரைந்து ஏ5ஆகப் போட்டோக்கொப்பி எடுத்தால் இரவுக் காட்சிகள் சாம்பலாய்க் கலங்குகின்றன. எங்கே பிழை?

வாசகர், சுன்னாகம்

அன்புள்ள நண்பருக்கு,

பேயைப் பகிடி விடவைக்காதீர்கள். அவள் சொல்வதெல்லாம் அவளுக்கு உண்மையாக இருக்கவேண்டும். சிரிப்பு உயிரோடிருப்பவர்களிடமிருந்து வரட்டும்.

அதற்கு வேண்டியது உங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. பழங்கோட்டையும் பேயும் மர்மமுமாய் வரும் கோதிக் கதை வகையின் தொடக்கமாகக் கொள்ளப்படும் ஹொரஸ் வால்போலின் 1764ஆம் ஆண்டு நாவலிலேயே பிணக்கு, கோட்டை யாருக்குச் சொந்தம் என்பதுதான். நம்மிடம் ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி சீதனமாய்க் கொடுத்தது பெண்ணின் சொத்து. அந்த வீட்டை அவளுடைய சீதன வீடாக்குங்கள். வீட்டின் உறுதிப்பத்திரம் அவள் பெயரில் எழுதியாயிற்று, கலியாணத்துக்கு முன் செத்துப்போனாள். இப்போது அவள் போகாததற்கு ஒரு நியாயம் வந்துவிட்டது. வீட்டை விற்க வந்த உறவினரும் நொத்தாரிசும் தரகரும் விறாந்தையில் காணி பரப்புக்கு என்ன விலை என்று இழுபறிப்படுகிறார்கள். பின்னால் நின்று அவள் உறுதியை வாசிக்கிறாள். தரகர் திரும்பிப் பார்க்கிறார். “செத்த பிள்ளை எண்டாலும் சாதகம் கிடக்கும்தானே?” அடுத்த கட்டத்தில் எவரும் பேசக்கூடாது. அதே கோணம், அதே ஆட்கள், கண்கள் மட்டும் அசையட்டும். சிரிப்பு அந்த மௌனக் கட்டத்தில்தான் வெடிக்கும்.

பயத்துக்கு இடம் தாள் புரளும் இடம். தமிழ்ப் புத்தகத்தில் ஒற்றை எண் பக்கம் வலப்புறம் வரும். அதன் கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கட்டும். கதவுக்குப் பின்னால் இருப்பது மறுபக்கத்தின், அதாவது இரட்டை எண் பக்கத்தின், முதற்கட்டத்தில் வரட்டும். எதிர்ப்பக்கத்தில் வைத்தால் வாசகரின் கண் முன்கூட்டியே அதைக் கண்டுவிடும், பிறகு எவ்வளவு கோரமாக வரைந்தும் பயனில்லை. சிரிப்பையும் திடுக்கிடலையும் ஒரே கட்டத்தில் போடவேண்டாம்.

காதலை வசனத்தால் சொல்லாமல் வெளிச்சத்தால் சொல்லுங்கள். முதல் சந்திப்பில் அரிக்கன் லாம்பு அவள் நாடிக்குக் கீழே இருக்கட்டும்: கண்குழியும் மூக்கின் நிழலும் மேல்நோக்கி ஏறும். பிறகு அவன் அதே லாம்பை அவள் முகத்தின் பக்கவாட்டுக்கு உயர்த்துகிறான். முகத்தில் ஒரு கோட்டையும் மாற்றவேண்டாம், நிழல் மாறினாலே போதும். இந்த இரண்டு கட்டங்களுக்கும் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். அவளுக்கு ஓர் எல்லையும் வையுங்கள், வளவு வேலியைத் தாண்ட முடியாதென்று. அவன் ஒவ்வொரு முறை படலையைத் திறக்கும்போதும் அது காதல் காட்சியாகும்.

இனி அந்தச் சாம்பல். தண்ணீர் கலந்த மையும் பென்சில் நிழலும் போட்டோக்கொப்பியில் கலங்கத்தான் செய்யும். முழுக் கறுப்பு, முழு வெள்ளை, இடையில் கோட்டு நிழல். இவை மூன்றும் போதும். ஏ4 ஏ5ஆகும்போது நீளமும் அகலமும் ஏறத்தாழ 71 வீதமாகச் சுருங்கும். ஆகவே நிழற்கோடுகளை 0.3 மி.மீ. பேனையால், குறைந்தது 1 மி.மீ. இடைவெளி விட்டுப் போடுங்கள். நெருக்கினால் மை ஒட்டி ஒரே கறையாகும். பழைய இயந்திரங்களில் பெரிய கறுப்புப் பரப்பின் நடு வெளிறும். முருகைக்கல் சுவரின் பொருக்கு, ஓட்டு விளிம்பு, பனையோலைக் கீற்று என்று வெள்ளைக் கோடுகள் விட்டு அதை உடையுங்கள். 600 டிபிஐயில், கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படமாக ஸ்கான் செய்து, கோப்பிலிருந்து நேரே அச்சிடுவது இன்னும் நல்லது.

வசனத்தை முதலில் எழுதிவிட்டு அதைச் சுற்றிக் குமிழை வரையுங்கள். நம் சொற்கள் நீளமானவை, குமிழ் உயரத்தைவிட அகலமாக இருக்கட்டும். ஒரு குமிழுக்கு 12 சொல்லுக்கு மேல் வேண்டாம். மேல்வரியின் ‘கு’, ‘மூ’ கீழிறங்கிக் கீழ்வரியின் புள்ளியோடு முட்டாமல் வரியிடை விடுங்கள்.

இரண்டு இரவுக் காட்சியாவது உள்ள 4 பக்கங்களை முதலில் அச்சிட்டுப் பாருங்கள். மிச்சம் 20க்கும் மை போடுவது அதற்குப் பிறகு.