ஆங்கிலத்தில் எதிர்காலம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நாளை ஒருவரைச் சந்திக்கவிருப்பதை 'ஐ வில் மீட் ஹிம்', 'ஐ ஆம் கோயிங் டு மீட் ஹிம்', 'ஐ ஆம் மீட்டிங் ஹிம்' என மூன்று விதமாகச் சொல்லலாம் என்றதும், எதை எங்கே எழுதுவது என்று கேட்கிறார்கள். 'வில்' உறுதிக்கும் 'கோயிங் டு' ஐயத்துக்கும் உரியவை என்று ஒரு கையேட்டில் படித்தேன். அது சரியா?

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

சரியன்று. உறுதியின் அளவைக் கொண்டு இவற்றைப் பிரிக்க முடியாது. பேசுபவர் எதை ஆதாரமாகக் கொண்டு நாளையைப் பற்றிப் பேசுகிறார் என்பதுதான் வேறுபாடு. அழைப்பு மணி ஒலித்ததும் எழுந்துகொண்டே 'ஐ வில் ஓபன் இட்' என்கிறோம், ஏனெனில் அந்த முடிவு அந்த நொடியில்தான் பிறந்தது. முன்பே மனத்தில் எண்ணி வைத்திருந்தால் 'கோயிங் டு'. எண்ணத்தோடு நில்லாமல் மருத்துவரிடம் நேரமும் வாங்கிவிட்டிருந்தால் 'ஐ ஆம் சீயிங் த டாக்டர் டுமாரோ'. நீங்கள் குறிப்பிடாத நான்காவது வடிவம் ரயில் கால அட்டவணைக்குரியது: 'த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ'.

'கோயிங் டு'வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கருமேகத்தைப் பார்த்துவிட்டு 'இட் இஸ் கோயிங் டு ரெயின்' என்பது கண்முன் உள்ள அறிகுறியிலிருந்து சொல்வது. நாமும் 'மழை பெய்யப் போகிறது' என்று அதே 'போ' என்னும் வினையைத்தான் துணைக்கு அழைக்கிறோம் என்பதால், இதை மாணவர்களுக்கு விளக்கத் தமிழே போதும். நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் மாறி வரலாம் என்று அது அனுமதிக்க, உரைகாரர்கள் தெளிவுக்குக் காட்டும் உதாரணம், எறும்பு முட்டையைச் சுமந்து திட்டையில் ஏறக் கண்டதும் 'மழை பெய்தது' என்று இறந்தகாலத்திலேயே சொல்லிவிடுவது. ஆங்கிலம் அந்த அளவுக்குத் துணிவதில்லை.

உண்மையில் நம் மாணவர்கள் வழுக்கும் இடம் வேறு. 'டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்' என்று எழுதுகிறார்கள் அல்லவா? தமிழில் 'அப்பா தினமும் ஐந்து மணிக்கு எழுவார்' என்பது நாளையைப் பற்றிய பேச்சே அன்று, வழக்கத்தைச் சொல்வது. நம்முடைய எதிர்கால இடைநிலை வழக்கத்தையும் சுமக்கிறது. அந்தச் சுமையை அப்படியே 'வில்'லின் தலையில் ஏற்றிவிடுகிறோம். 'ஷி வில் சிட் ஃபார் அவர்ஸ்' என ஆங்கிலேயரும் ஒருவரின் இயல்பைச் சொல்ல 'வில்'லைக் கொண்டுவருவதுண்டு என்றாலும், அன்றாட வேலையைச் சொல்ல 'ஐ கெட் அப்' என்ற நிகழ்கால வடிவமே இயல்பானது. இதைத் திருத்துவதற்கு ஒரு வாரம் செலவிட்டாலும் தகும். அதேபோல 'இஃப் இட் வில் ரெயின்' என்பதையும் திருத்துங்கள். நிபந்தனைப் பகுதியில் 'இஃப் இட் ரெயின்ஸ்' போதும்.

'ஷல்' பற்றி மாணவர்கள் கேட்டால் அதிகம் மெனக்கெட வேண்டாம். தன்மையில் 'ஷல்', மற்ற இடங்களில் 'வில்' என்ற விதி 1653இல் ஜான் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலிருந்து பரவியது. இன்றைய பேச்சில் 'ஷல் வி கோ?' போன்ற கேள்விகளில்தான் அது பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நண்பரைச் சந்திப்பது போன்ற இடங்களில் 'கோயிங் டு'வும் 'மீட்டிங்'கும் இரண்டுமே பொருந்தும். அங்கே மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள்.