கதவடைப்பு, டிராஃப்ட், ஞாயிற்றுக்கிழமை: அமெரிக்கக் கால்பந்து பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே ஊரில் குடியிருக்கிறேன். காகித ஆலையில் வேலை, ஆலைச் சங்கத்தில் உறுப்பினர், பேக்கர்ஸ் அணியின் ரசிகன். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஒரு பருவத்தில் ஒவ்வொரு அணியும் ஆடும் ஆட்டங்களை 18 ஆக்க வேண்டும் என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருப்பதால், வீரர்களுக்கும் அணி உரிமையாளர்களுக்கும் இடையே நடந்த 2011 தகராறைப் பற்றி நண்பர்கள் நிறையக் கேட்டிருந்தார்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கோவையிலிருந்து: அண்ணா, 2011ல வீரர்கள் ஸ்ட்ரைக் பண்ணாங்கன்னு சொல்றாங்களே, எதுக்காக?

தம்பி, அது ஸ்ட்ரைக் இல்லை. இந்த ஒன்றைத்தான் முதலில் தெளிவாக்க வேண்டும். அது கதவடைப்பு. என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நான் ஆறாவது படிக்கும்போது ஒருநாள் காலை ஷிஃப்டுக்குப் போனவர் அரை மணியில் திரும்பி வந்துவிட்டார். சோற்றுத் தூக்கு திறக்காமல் அப்படியே இருந்தது. கேட்டில் பூட்டு, பூட்டுக்கு மேலே பசை காயாத ஒரு நோட்டீஸ். வேலை செய்யத் தயாராக வந்தவனை முதலாளி வெளியே நிறுத்துவதுதான் கதவடைப்பு. "ஸ்ட்ரைக்காம்ல" என்று தெருவில் யாராவது சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும்.

2011லும் அதேதான். 2006ல் போட்ட ஒப்பந்தம் தங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அணி உரிமையாளர்கள் 2008லேயே ஒருமனதாக வாக்களித்து, அதை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள். 2011 மார்ச் 11ஆம் தேதி பேச்சுவார்த்தை முறிந்தது. அன்று நள்ளிரவில் கதவைச் சாத்தினார்கள். திறந்தது ஜூலை 25. இடைப்பட்ட நான்கரை மாதமும் வீரர் மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது, பயிற்சியாளரோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது, காயத்துக்கு அணியின் மருத்துவரிடம் போகக்கூடாது. நியூ ஆர்லியன்ஸ் அணி வீரர் ட்ரூ ப்ரீஸ் தன் சகாக்களைச் சேர்த்துக்கொண்டு டுலேன் பல்கலைக்கழக மைதானத்தில் தாங்களாகவே பயிற்சி செய்தார். வேலைக்கு வர மாட்டேன் என்பவன் செய்கிற காரியமா அது?

நியூ ஜெர்சியிலிருந்து: கோடீஸ்வரனுக்கும் அவனைவிடப் பெரிய கோடீஸ்வரனுக்கும் நடக்கிற சண்டை. டிக்கெட் வாங்குற நாம ஏன் சார் இதுல பக்கம் எடுக்கணும்?

இந்தக் கேள்வி 2011ல் ஆலை கேன்டீனில் நூறு தடவை என் காதில் விழுந்திருக்கிறது. கேட்பவர்களின் மனக்கசப்பு நியாயமானது. ஆனால் நம் கண்ணில் படுவது டாம் பிரேடி, பெய்டன் மேனிங் போன்ற நட்சத்திர வீரர்கள்தான். ஒரு அணியில் 53 பேர். அவர்களில் பெரும்பாலோர் பெயர் உள்ளூர்க்காரருக்கே தெரியாது. ஒரு வீரர் லீக்கில் நீடிப்பது சராசரியாக 3.3 ஆண்டு என்பது வீரர் சங்கத்தின் கணக்கு. தங்கள் அறிமுகப் பருவத்தின் முதல் நாளிலேயே அணியில் இடம்பிடித்தவர்களை மட்டும் வைத்துக் கூட்டி, ஆறு ஆண்டு என்று லீக் சொன்னது. ஆறே என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 வயதில் வேலை முடிந்துவிடுகிறது. முழங்காலும் கழுத்தும் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

கதவடைப்பு தொடங்கியதும் அணிகள் தந்துவந்த மருத்துவக் காப்பீடு நின்றது. மனைவி கர்ப்பமாக இருந்தவர்களும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களும் கைக்காசு போட்டுக் காப்பீட்டைத் தொடர வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த பிப்ரவரியில், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே, சிகாகோ பேர்ஸ் அணியின் பழைய வீரர் டேவ் டூயர்சன் தற்கொலை செய்துகொண்டார். தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடும்படி எழுதி வைத்திருந்தார். அடிமேல் அடி வாங்கியதால் வரும் மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்ததை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மே மாதம் உறுதிசெய்தார்கள். பழைய வீரர்களின் உதவித்தொகை மனுக்களைப் பரிசீலிக்கும் குழுவில் சங்கத்தின் சார்பில் உட்கார்ந்திருந்தவர் அவர். இதே நேரத்தில் உரிமையாளர்கள் 16 ஆட்டத்தை 18 ஆக்கக் கேட்டார்கள். கூடுதலாக இரண்டு ஆட்டம் என்பது அந்த உடம்புகளுக்கு என்ன என்பதை யோசித்துவிட்டுப் பக்கம் எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

சென்னையிலிருந்து: பணக்கணக்கைக் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

லீக்கின் ஆண்டு வருமானம் அப்போது சுமார் 900 கோடி டாலர். அதில் செலவுக்கென்று 100 கோடிக்குச் சற்று மேலாக முதலிலேயே உரிமையாளர்கள் எடுத்துக்கொண்டு, மீதியில் ஏறக்குறைய 60 சதவீதம் வீரர்களுக்கு என்பது பழைய ஏற்பாடு. முதலில் எடுப்பதை இன்னும் 100 கோடி கூட்ட வேண்டும் என்றார்கள். "நஷ்டம் என்றால் கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்றது சங்கம். காட்டவில்லை. 32 அணிகளில் ஆண்டுக் கணக்கை ஊரறிய வெளியிடுவது எங்கள் பேக்கர்ஸ் மட்டுமே, ஏனென்றால் அதற்குத் தனி முதலாளி கிடையாது, பொதுமக்களே பங்குதாரர்கள். அதனால் இரண்டு தரப்பும் எங்கள் கணக்கைத்தான் மாற்றி மாற்றி மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தன.

கடைசியில் மொத்த வருமானத்தில் வீரர்களுக்குக் குறைந்தது 47 சதவீதம் என்று முடிந்தது. முன்பைவிடக் குறைவு. பதிலுக்குப் பெற்றது உடம்புக்கான பாதுகாப்பு: 18 ஆட்டத் திட்டம் தள்ளிப்போனது, ஒரே நாளில் இரண்டு முறை கவசம் அணிந்து மோதும் பயிற்சி ஒழிந்தது, பருவத்தின் நடுவே அப்படிப்பட்ட பயிற்சிக்கு 14 நாள்தான் என்று வரம்பு வந்தது. என்னைக் கேட்டால், சங்கம் பணத்தில் விட்டுக்கொடுத்து மூட்டுகளைக் காப்பாற்றிக்கொண்டது.

டொரான்டோவிலிருந்து: கோர்ட்டுக்குப் போனாங்களே, அங்க என்ன ஆச்சு?

சங்கம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. சங்கம் இருக்கும்வரை ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது, அதனால்தான். பிரேடி முதலாகப் பத்து வீரர்கள் மினசோட்டாவில் வழக்குத் தொடுத்தார்கள். ஏப்ரல் 25 அன்று நீதிபதி சூசன் நெல்சன் கதவைத் திறக்கச் சொன்னார். நான்கே நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஜூலை 8 அன்று இறுதியாக லீக் பக்கமே தீர்ப்பு, மூன்று நீதிபதிகளில் இருவர் ஒப்ப.

தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1932ஆம் ஆண்டின் நோரிஸ்-லாகார்டியா சட்டம். தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நீதிமன்றங்கள் தடை போட்டு உடைக்கக்கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. தொழிலாளியைக் காக்க எழுதியதை வைத்தே தொழிலாளியை வெளியே நிறுத்தினார்கள். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, மார்ச் 1 அன்று, நீதிபதி டேவிட் டோட்டி முக்கியமான ஒன்றைச் செய்திருந்தார். ஆட்டமே நடக்காவிட்டாலும் தொலைக்காட்சி நிறுவனங்களிடமிருந்து 400 கோடி டாலர் வரும்படி லீக் ஒப்பந்தம் போட்டிருந்தது தவறு என்றார். பட்டினி போட்டுப் பணியவைக்கச் சேர்த்து வைத்த அரிசி மூட்டை அது. அதில் கை வைக்க முடியாமல் போனதும்தான் பேச்சு உண்மையான பேச்சாக மாறியது என்று நினைக்கிறேன்.

மதுரையிலிருந்து: ஐ.பி.எல்.ல ஏலம் இருக்கு. அங்க டிராஃப்ட்னு ஒண்ணு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சண்டைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஏலத்தில் பத்து அணிகள் போட்டி போட்டால் வீரரின் விலை ஏறும். டிராஃப்ட் என்பது கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது, அதில் போட்டியே கிடையாது. சென்ற பருவத்தில் கடைசியாக வந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கும், சாம்பியன் கடைசியில். உன்னை எந்த அணி எடுத்ததோ அந்த ஊருக்குத்தான் நீ போக வேண்டும். 1935ல் பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் கொண்டுவந்த யோசனை. அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. 1936ல் முதன்முதலாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

சண்டையோடு சம்பந்தம் இதுதான்: படித்து முடித்த ஒருவனைப் பார்த்து "நீ இந்த ஒரு முதலாளியிடம்தான் வேலை பார்க்கலாம்" என்று எல்லா முதலாளிகளும் கூடிச் சொல்வது சாதாரணமாகச் சட்டவிரோதம். சங்கம் கையெழுத்துப் போட்டிருப்பதால்தான் அது செல்லுபடியாகிறது. 2011 ஏப்ரல் டிராஃப்ட் நடந்ததே பழைய ஒப்பந்தத்தில் அந்த ஆண்டுக்கும் இடம் இருந்ததால்தான்.

அது விசித்திரமான டிராஃப்ட். நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் லீக்கின் கமிஷனர் ரோஜர் குட்டெல் மேடையேறியதும் கூச்சல். "எங்களுக்குக் கால்பந்து வேண்டும்" என்று கூட்டம் கோஷம் போட்டது. முதலில் கேம் நியூட்டன், கரோலைனாவுக்கு. இரண்டாவதாக டென்வர் எடுத்த வான் மில்லர், லீக் மீது வழக்குப் போட்ட அந்தப் பத்துப் பேரில் ஒருவர். தான் எதிர்த்து வழக்காடும் லீக்கின் மேடையிலேயே ஏறி, கமிஷனரிடம் கைகுலுக்கித் தொப்பியை வாங்கிக்கொண்டார். 21, 22 வயசுப் பிள்ளைகளுக்கு அது வாழ்நாள் கனவு, கோபம் காட்ட முடியுமா?

உண்மையில் அடிபட்டவர்கள் தேர்வாகாத பையன்கள். வழக்கமாக டிராஃப்ட் முடிந்த அடுத்த நிமிடம் அவர்களுக்குப் போன் வரும், ஏதாவது ஒரு முகாமில் இடம் கிடைக்கும். அந்த ஆண்டு கதவு சாத்தியிருந்ததால் போனே வரவில்லை. ஜூலைக் கடைசிவரை வெறுமனே காத்திருந்தார்கள். கர்ட் வார்னர் இப்படித் தேர்வாகாமல் போனவர். 1994ல் எங்கள் அணி முகாமிலிருந்து அனுப்பப்பட்டு, அயோவாவில் மளிகைக் கடையில் இரவு வேளையில் சாமான் அடுக்கி, பிறகு 1999 பருவத்தில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றவர். அந்த ஒரு போன் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியும்.

ஹூஸ்டனிலிருந்து: 2011 ஒப்பந்தத்தில் புது வீரர்களின் சம்பளத்தைக் குறைத்தது சரிதானே?

பாதி சரி. 2010ல் முதலில் தேர்வான சாம் பிராட்ஃபோர்ட், ஒரு ஆட்டம் ஆடுவதற்கு முன்பே 5 கோடி டாலர் உத்தரவாதம் பெற்றார். 2007ல் முதலில் தேர்வான ஜமார்கஸ் ரஸ்ஸலை ஓக்லண்ட் மூன்றே பருவத்தில் அனுப்பிவிட்டது. 2011ல் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடிதான். மிச்சமாகும் பணம் அனுபவசாலிகளுக்குப் போகும் என்றார்கள்.

நடந்தது வேறு. மலிவான இளைஞன் கிடைக்கும்போது எட்டு வருட அனுபவக்காரனை யார் வைத்துக்கொள்வார்? நடுத்தரச் சம்பள வீரர்கள்தான் வெட்டுப்பட்டார்கள். பேச்சுவார்த்தை மேசையில் இல்லாதவனின் கூலியை விட்டுக்கொடுப்பது சுலபம். எங்கள் ஆலையிலும் புதிதாகச் சேர்பவனுக்குக் குறைந்த கூலி என்று ஒரு ஒப்பந்தம் வந்தது, நானும் அதற்குக் கை தூக்கினேன். இன்றும் உறுத்துகிறது.

சிங்கப்பூரிலிருந்து: 2025 டிராஃப்ட் உங்கள் ஊரிலேயே நடந்ததே, போனீர்களா?

மூன்று நாளும் போனேன்! ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். மூன்று நாளில் 6 லட்சம் வருகை என்று கணக்குச் சொன்னார்கள். எங்கள் தெருவில் வீட்டுப் புல்வெளிகளை எல்லாம் கார் நிறுத்த வாடகைக்கு விட்டிருந்தார்கள். 23ஆவது தேர்வுக்கு பேக்கர்ஸின் அப்போதைய தலைவர் மார்க் மர்ஃபி மேடையேறி மேத்யூ கோல்டன் பெயரைச் சொன்னதும், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பந்து பிடிக்கும் ரிசீவர் ஒருவரை முதல் சுற்றில் நாங்கள் எடுத்து 23 வருடம் ஆகியிருந்தது.

மர்ஃபியைப் பற்றி ஒன்று. 1982ல் வீரர்கள் 57 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, வாஷிங்டன் அணி வீரராகச் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தவர் அவர். பிறகு சங்கத்திலேயே வேலை பார்த்தார். 2011ல் அதே மனிதர் உரிமையாளர்கள் தரப்பில் உட்கார்ந்திருந்தார். துரோகம் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்ப்பக்கத்து வலி தெரிந்த ஒருவராவது அந்த அறையில் இருந்தது நல்லதுதான்.

கொழும்பிலிருந்து: ஆட்டம் நின்றால் குற்றங்கள் பெருகும் என்று ரே லூயிஸ் சொன்னாராமே. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா அண்ணா?

பால்டிமோர் அணி வீரர் ரே லூயிஸ் 2011 மேயில் ஒரு பேட்டியில் அப்படிச் சொன்னார். குற்றக் கணக்கில் அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் காலியானால் இந்த ஊரில் என்ன காலியாகும் என்பது தெரியும். பேக்கர்ஸ் ஆடும் லாம்போ மைதானத்தில் தின்பண்டக் கடைகளில் நிற்பவர்களில் பலர் தேவாலயம், பள்ளி இசைக்குழு போன்றவற்றுக்கு நிதி திரட்ட வருபவர்கள். பனி கொட்டினால் மணிக்கூலிக்கு மண்வாரி தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கானோர் இருக்கைகளைச் சுத்தம் செய்யப் போவார்கள். நானும் போயிருக்கிறேன். எந்தப் பேச்சுவார்த்தையிலும் இவர்களுக்கு நாற்காலி கிடையாது.

2011 பிப்ரவரி 6 அன்று நாங்கள் சூப்பர் பௌல் வென்றோம். அடுத்த வாரமே எங்கள் மாநில ஆளுநர், அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையை வெட்டும் மசோதாவைக் கொண்டுவந்தார். ஆசிரியர்களும் செவிலியர்களும் மாநிலத் தலைநகர் மேடிசனில் சட்டமன்றக் கட்டடத்துக்குள் பாய் விரித்துப் படுத்தார்கள். கோப்பையை வென்ற அணியின் சார்ல்ஸ் உட்சன் அவர்களோடு நிற்பதாக அறிக்கை விட்டார். அவரே வீரர் சங்கத்தின் பிரதிநிதி, இன்னும் சில வாரத்தில் கதவடைப்பைச் சந்திக்கப் போகிறவர். பக்கத்து வீட்டு ஆசிரியை அந்த அறிக்கையை அச்செடுத்து ஜன்னலில் ஒட்டியிருந்தார், வெளியிலிருந்து படிக்கும்படி. எனக்கு இந்த விளையாட்டு ஏன் முக்கியம் என்றால், அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது.

டல்லாஸிலிருந்து: 2011ல் சமரசம் வந்தது யாரால்?

பலரால். ஆனால் ஜூலை 25 காட்சியை மறக்க மாட்டேன். நியூ இங்கிலாந்து உரிமையாளர் ராபர்ட் கிராஃப்டின் மனைவி மைரா புற்றுநோயால் இறந்து ஐந்தே நாள். மைரா படுக்கையில் இருந்தபோதும் கிராஃப்ட் பேச்சுவார்த்தைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். இண்டியனாபொலிஸ் வீரர் ஜெஃப் சாட்டர்டே, அத்தனை கேமராக்களுக்கு முன்னால், இவர் இல்லையென்றால் ஒப்பந்தமே இல்லை என்று சொல்லி அவரைக் கட்டிக்கொண்டார். பெரிய உருவம், கிராஃப்டின் தலை அவர் தோளில் புதைந்துபோனது.

கலிஃபோர்னியாவிலிருந்து: சரி, 18 ஆட்டம் வருமா?

2011ல் மறுத்ததில் பாதியை 2020ல் கொடுத்துவிட்டார்கள். 17ஆவது ஆட்டத்துக்கு இடம் தரும் ஒப்பந்தத்துக்கு 1,019 பேர் ஆம் என்றார்கள், 959 பேர் இல்லை என்றார்கள். 31 பேர் மாற்றிப் போட்டிருந்தால் விழுந்திருக்கும். குறைந்தபட்சச் சம்பளம் ஏறியது, அதனால் அடிமட்டச் சம்பளக்காரர்கள் ஆம் போட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒப்பந்தம் 2030 பருவம் வரை ஓடும். அதற்குள் 18 கேட்டால் வீரர்களின் ஒப்புதல் வேண்டும்.

வரும் என்றுதான் நினைக்கிறேன். வந்தால், ஓய்வுபெற்ற பிறகு ஆயுள் முழுக்க மருத்துவக் காப்பீடு என்பதற்குக் குறைந்து எதற்கும் கை தூக்கக்கூடாது. நான் அந்தச் சங்கத்தில் இல்லை. இருந்தால் இதைத்தான் கேட்பேன்.